தொட்டியில் பிழைப்பதும் காட்டில் பிழைப்பதும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தாவரங்களில் அழியும் நிலையில் இருப்பவை எவை, அவற்றின் கன்றுகள் எங்கே கிடைக்கும், வாங்கி வீட்டில் வளர்த்தால் அவற்றைக் காப்பாற்றியது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவற்றுக்கு ஆகாது; மிகச் சிலவற்றுக்கு ஆகும்; வேறு சிலவற்றுக்கு அந்த ஆசையே கேடாக முடியும். எந்தச் செடி இவற்றுள் எந்த வகை என்பது, அது ஏன் அரிதாயிற்று என்பதைப் பொறுத்தது. ஆகவே பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து முடிக்காமல், சில செடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவை இந்த நிலைக்கு வந்த வழியைச் சொல்கிறேன்.

இந்த மலைத்தொடரில் ஏறத்தாழ 7,400 பூக்கும் தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. பயிரிடப்படுபவையும் வெளியிலிருந்து வந்து பரவியவையும் இந்தக் கணக்கில் அடங்கும். இவற்றுள் 1,270க்கு மேற்பட்டவை உலகில் வேறு எங்கும் இயற்கையாக வளராதவை. இப்படி ஓரிடத்துக்கே உரியதாக இருப்பதையும் அழியும் நிலையில் இருப்பதையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு மலைக்கு மட்டுமே உரிய செடி அந்த மலையில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். பல நாடுகளில் பரவிய செடி ஒவ்வோர் இடத்திலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கலாம். டெபோரா ரபினோவிட்ஸ் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1981இல், ஒரு தாவரம் எவ்வளவு பரப்பில் வளர்கிறது, எத்தனை வகையான இடங்களில் வளர்கிறது, வளரும் இடத்தில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளை வைத்து அரிதாக இருப்பதை ஏழு வகைகளாகப் பிரித்துக் காட்டினார். நீலக்குறிஞ்சியை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அது வளரும் உயர்மலைப் புல்வெளி மிகக் குறைவு. ஆனால் அங்கே ஒரு சரிவு முழுவதையும் அது மூடிக்கொள்ளும். 2018இல் மூணாற்றில் அது பூத்தபோது சென்று வந்தவர்களுக்கு, இதையா அரிய செடி என்கிறார்கள் என்று தோன்றியிருக்கும்.

இன்னொரு குழப்பம் சிவப்புப் பட்டியலைப் பற்றியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் இப்பட்டியலில் ஒரு தாவரம் அழிவின் விளிம்பில் இருப்பதாக இடம்பெறப் பல வழிகள் உண்டு. இனப்பெருக்க வயதை எட்டியவை 50க்கும் குறைவாக இருப்பது அவற்றுள் ஒன்று; மூன்று தலைமுறைக் காலத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருப்பது மற்றொன்று. ஆகவே ஒரே பிரிவில் உள்ள இரண்டு தாவரங்களில் ஒன்று முப்பது மரங்களாக எஞ்சியிருக்கலாம். மற்றொன்று பல்லாயிரமாக இருந்தும் வேகமாகச் சரிந்துகொண்டிருக்கலாம். தவிர, தென்னிந்திய மரங்கள் பலவற்றுக்கு 1998இல் செய்த மதிப்பீடே நீண்ட காலம் மாறாமல் கிடந்தது. ஆகவே பட்டியலைப் பார்க்கும்போது நிலையை மட்டும் பார்க்காமல், மதிப்பிட்ட ஆண்டையும் எந்த அளவுகோலால் மதிப்பிட்டார்கள் என்பதையும் பாருங்கள்.

இனி செடிகளுக்கு வருவோம். உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதிலிருந்து தொடங்குகிறேன். மாகாளிக்கிழங்கு ஊறுகாயைச் சாப்பிடாவிட்டாலும், அந்த ஜாடியைத் திறந்தவுடன் எழும் வாசனையையாவது அறிந்திருப்பீர்கள். பிடித்தவர்களுக்கு அது தனி மணம். பிடிக்காதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்பார்கள். தோலைச் சீவி, நடுவில் உள்ள கெட்டியான நரம்பை எடுத்துப் போட்டுவிட்டு, துண்டுகளாக நறுக்கித் தயிரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ உப்பும் மிளகாயும் கடுகும் சேர்த்து ஊறவைப்பார்கள். அந்த மணத்துக்குக் காரணமான வேதிப்பொருளும் வெனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்களின் வேறுவேறு அடுக்குகள். நன்னாரி வேரிலும் அதே பொருள்தான் இருக்கிறது. நாம் கிழங்கு என்று சொல்வது உண்மையில் சதைப்பற்றுள்ள வேர். டெக்காலெபிஸ் ஹாமில்டோனி என்ற இந்தக் கொடி, கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட பாறைச் சரிவுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் வளர்கிறது. இலையைப் பறித்தால் மீண்டும் துளிர்க்கும், பட்டையை உரித்தால்கூட மரம் சில காலம் தாங்கும். வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். சந்தைக்கு வரும் வேரில் பெரும்பகுதி காட்டிலிருந்து தோண்டியது என்பதுதான் இதன் நெருக்கடி. நன்னாரிக்குப் பதிலாகவும் இதைச் சேர்த்து விற்பதால் தேவை ஊறுகாய்ச் சந்தையோடு நிற்பதில்லை.

இதற்கு ஒரு தங்கை உண்டு. அகத்தியர் மலையின் பாறைச் சரிவுகளில் மட்டும் வளரும் அந்தச் செடியை அங்கே வாழும் காணிப் பழங்குடியினர் அமிர்தபாலா என்று அழைக்கிறார்கள். அறிவியல் உலகம் அதை அறிந்துகொண்டதே 1978இல்தான். அதைத் தனிப் பேரினமாகக் கருதிய தாவரவியலாளர்கள், ஜானகி அம்மாளின் நினைவாக ஜானகியா என்று பெயரிட்டார்கள். தலச்சேரியில் 1897இல் பிறந்து, கோயம்புத்தூரில் கரும்பின் மரபியலை ஆராய்ந்து, சைரில் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை 1945இல் வெளியிட்டு, முதிய வயதில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல்கொடுத்த அந்த அம்மையாருக்கு அது பொருத்தமான மரியாதை. பிற்கால ஆய்வுகளின்படி அந்தச் செடி மாகாளியின் பேரினத்திலேயே சேர்க்கப்பட்டதால் இப்போது ஜானகியா என்ற பெயர் வழக்கிழந்துவிட்டது. பெயரிடும் விதிகள் அப்படி. எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு. மாகாளியைப் போலவே அமிர்தபாலாவின் வேரும் மணமுள்ளது, மருந்தாவது. வேறுபாடு என்னவென்றால், மாகாளிக்குப் பல மலைகள் இருக்கின்றன, இதற்கு இருப்பது ஒரே மலைத்தொகுதி. ஒரு பருவத்தில் சிலர் மூட்டை கட்டினால் போதும், ஒரு சரிவே வெறுமையாகிவிடும்.

வேருக்கு அடுத்ததாகத் தண்டையும் பூவையும் பார்ப்போம். நாட்டுமருந்துக் கடையில் மரமஞ்சள் என்று கேட்டால், உள்ளே மஞ்சள் நிறமாக இருக்கும் கட்டைத் துண்டுகளை எடுத்துத் தருவார்கள். வடநாட்டு வைத்தியர்கள் அதே பெயருக்கு இமயமலைப் புதர்ச்செடி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். தமிழகத்திலும் கேரளத்திலும் விற்பது கொசீனியம் பெனஸ்டிராட்டம் என்ற பெருங்கொடியின் தண்டு. இரண்டையும் மஞ்சளாக்குவது பெர்பெரின் என்ற ஒரே பொருள்தான். மழைக்காட்டு மரங்களின் மேல் ஏறி வளரும் இந்தக் கொடி பூத்துக் காய்க்கும் நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். இலங்கையின் ஈரக்காடுகளிலும் இது உண்டு. அங்கே வெனிவெல் என்ற பெயரில் காய்ச்சலுக்குக் குடிநீராகக் காய்ச்சுவது வீட்டு வழக்கம்.

இந்தக் கொடியின் சிக்கலைப் புரிந்துகொள்ளப் பனையை நினைத்துக்கொள்ளுங்கள். அலகுப்பனை, பருவப்பனை என்று நம் ஊரில் பிரித்துச் சொல்வதைப் போல, மரமஞ்சளிலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. வெட்டுபவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை; பூக்காத காலத்தில் பார்த்தாலும் தெரியாது. ஒரு காட்டில் இருபது கொடிகள் இருந்து அவற்றில் பதினைந்து வெட்டப்பட்டபின், எஞ்சிய ஐந்தும் பெண்ணாகவே இருக்கலாம். அல்லது ஒரே ஓர் ஆண் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு அப்பால் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காட்டில் மரமஞ்சள் இருக்கிறது. உண்மையில் அந்தக் காட்டில் அதன் அடுத்த தலைமுறை முடிந்துவிட்டது. இருப்பவை வயதாகிச் சாகும்வரை அது யாருக்கும் தெரியாது.

மதனகாமப்பூவின் கதையும் இதுவே, இன்னும் கூர்மையாக. பெயரில் பூ இருந்தாலும் அது பூவே அன்று. பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த சைக்கஸ் வகையைச் சேர்ந்த ஒரு செடியின் ஆண்கூம்பு அது. பார்ப்பதற்குக் குட்டையான பனையோ ஈச்சையோ போலத் தோன்றும் இந்தச் செடியின் உச்சியில், அன்னாசிப்பழம் போல ஆண்கூம்பு எழுந்து கடுமையான மணத்தை வீசும். அந்த மணத்தைத் தேடிச் சிறு வண்டுகள் வரும். ஆண்மை மருந்து என்ற பெயரில் இந்தக் கூம்பை முற்றும் முன்பே அறுத்து, செதில்களை உலர்த்தி விற்கிறார்கள். செடி சாகவில்லையே, கூம்பைத்தானே எடுத்தோம் என்று சொல்லலாம். மகரந்தம் முழுவதும் அந்தக் கூம்பில்தான் இருக்கிறது. ஒரு சரிவில் உள்ள ஆண்செடிகளின் கூம்புகளையெல்லாம் ஆண்டுதோறும் அறுத்துவிட்டால், பெண்செடிகள் காய்த்தும் பயனற்ற விதைகளையே உதிர்க்கும். இன்னொரு பக்கம், ஈந்து என்று கேரளத்தில் சொல்லப்படும் அதன் விதைகளை நச்சு நீக்கி மாவாக்கி உண்பதற்காகச் சேகரிக்கிறார்கள். மலைமக்களின் பசிக்கு ஈடுகொடுத்த உணவு அது. நகரத்தவரின் ஆண்மை லேகியத்தையும் அதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை சொன்னவை மனிதர் கை பறித்ததால் அரிதானவை. இனிச் சொல்லப்போகிறவற்றை யாரும் பறிக்கவில்லை. அவை நின்ற இடம் போய்விட்டது.

கொல்லம் மாவட்டத்தில் குளத்துப்புழையைச் சுற்றியும், கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலும் காட்டு ஜாதிக்காய் மரங்களின் சதுப்புகள் துண்டு துண்டாக எஞ்சியிருக்கின்றன. மலையடிவாரப் பள்ளங்களில் ஓடைநீர் மெதுவாக ஊறிப் பரவும் இடங்கள் அவை. உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தரைதான். சேற்றிலிருந்து மடக்கிய முழங்கால்களைப் போல நூற்றுக்கணக்கில் வேர்கள் எழுந்து, வளைந்து, மீண்டும் சேற்றுக்குள் போகின்றன. நீர் தேங்கிய மண்ணில் காற்று கிடைக்காததால் வேர்கள் மூச்சுவிட மேலே வருகின்றன. வேறு சில மரங்கள் பந்தல் கால்களைப் போலத் தண்டிலிருந்தே தாங்குவேர்களை இறக்கி நிற்கும். மிரிஸ்டிகா மாக்னிபிக்கா என்ற மரம் இந்தச் சேற்றில்தான் வாழும். அதன் விதை பெரியது, ஜாதிபத்திரி போன்ற உறை சுற்றியது. இருவாச்சிகள் விரும்பி விழுங்குவது. இதே சதுப்புகளிலும் காவுகள் எனப்படும் கோயில்காடுகள் சிலவற்றிலும் மட்டும் வளரும், நாவலின் உறவான சைசீஜியம் திருவாங்கூரிக்கம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. கேரளத்தில் இந்தச் சதுப்புகளை எல்லாம் சேர்த்து அளந்தாலும் இரண்டு சதுர கிலோமீட்டர் தேறாது.

காரணம் எளிது. நீர் தேங்கும் தாழ்ந்த பள்ளம் என்பது நெல்வயலுக்கும் ஏற்ற இடம். தலைமுறை தலைமுறையாகச் சதுப்பு வயலாயிற்று. பின்னாளில் வயல் கமுகுத் தோப்பாயிற்று, ரப்பர்த் தோட்டமாயிற்று. எஞ்சிய துண்டுகளுக்கு மேலே ஓடையைத் திருப்பினால் போதும், ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் சதுப்பு காய்ந்துவிடும்.

விதைகளைச் சேமித்துவைக்கலாமே என்று இங்கே கேட்கத் தோன்றும். நெல்லையோ கேழ்வரகையோ உலர்த்திக் குளிரில் வைத்தால் பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். காட்டு ஜாதிக்காய், நாவல், குங்கிலியம் முதலான ஈரக்காட்டு மரங்களின் விதைகள் அப்படிப்பட்டவை அல்ல, உலர்ந்தால் செத்துப்போகும். விழுந்த சில நாட்களிலோ வாரங்களிலோ முளைக்க வேண்டும், அல்லது முடிந்தது. ஆகவே விதை வங்கி என்ற ஏற்பாடு இந்த மரங்களுக்குப் பெரும்பாலும் உதவாது. இவற்றைச் சேமிக்கும் ஒரே கிடங்கு ஈரமான காடுதான்.

இடத்தோடு கட்டுண்ட செடிக்கு இன்னும் சிறிய எடுத்துக்காட்டு ஒரு புல். சேட்ஜ்விக், பெல் என்ற இருவர் 1919இல் ஜோக் அருவியின் சாரல் படும் பாறையில் ஒரு மெல்லிய புல்லைச் சேகரித்தனர். அது ஹபார்டியா ஹெப்டாநியூரான் என்ற புதிய பேரினம் என்பது அடுத்த முப்பது ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அதற்குப் பிறகு தேடியவர்களுக்கு அருவியில் அது கிடைக்கவில்லை. இதற்கிடையே ஷராவதி ஆற்றில் மின்சாரத்துக்காக அணை கட்டப்பட்டதால் அருவியின் நீரும் சாரலும் குறைந்துபோயிருந்தன. புல் அழிந்துவிட்டது என்றே முடிவுகட்டினார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாப்பூர் மாவட்டத்தின் திலாரிப் பகுதியில், நீர் வழியும் ஒரு பாறை முகத்தில், சிவாஜி பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்கள் அதை மீண்டும் கண்டார்கள். கண்டதோடு நிறுத்தாமல், அதைப் போன்ற நீர்க்கசிவுள்ள பாறைகளைத் தேடி அங்கும் விதைத்துப் பரப்பினார்கள். தொட்டியில் வளர்க்காமல், அதற்கேற்ற பாறையைத் தேடிப் போனதுதான் இதில் நான் கவனிக்கச் சொல்வது.

புல் என்றதும் உயர்மலைப் புல்வெளிகளைச் சொல்லாமல் போக முடியாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலையைக் காப்பதற்கு ஆர்வலர்கள் இருக்கிறார்கள். புல்வெளிக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் குறைவு. மரம் இல்லாத இடம் என்றாலே வீணான இடம் என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே வேரூன்றியது. தோல் பதனிடச் சீகை (வாட்டில்) மரத்தின் பட்டை, விறகுக்கும் காகிதக் கூழுக்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பிறகு பைன் என்று புல்வெளிகள் மேலேயே தோப்புகளை எழுப்பினார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த வேலை இன்னும் வேகமாக நடந்தது. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்; தீ பட்டால் ஒரேயடியாக முளைத்து எழும். அதனால் மரத்தை வெட்டி அகற்றினாலும் புல்வெளி தானாகத் திரும்புவதில்லை. கொடைக்கானலில் நீண்டகாலம் கவனித்தவர்கள் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார்கள்: பழைய பைன், சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருகின்றன. ஆகவே அயல் மரம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவது சோலைக்கும் கேடாகலாம். எங்கே அகற்றுவது, எங்கே விட்டுவைப்பது என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த மலைச் சோலைகளில்தான் எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோய் என்ற மரம் இருக்கிறது. உருத்திராட்சத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா பிளாஸ்கோவின் பெயரைத் தாங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் பெயரிடப்பட்டபின் நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. பிற்பாடு வட்டக்கானலைச் சேர்ந்த பாதுகாப்பு ஆர்வலர்கள் பழனி மலையில் ஒரே ஒரு மரத்தைக் கண்டறிந்தனர். அதற்குத் தெற்கே, பெடோம் என்ற வன அதிகாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கம்பட்டி மலையில் சேகரித்து அந்த ஊர்ப் பெயரையே வைத்த யூஜீனியா சிங்கம்பட்டியானா என்ற மரமும், அழிந்துவிட்டது என்று கருதப்பட்டுப் பின்னர் களக்காடு முண்டந்துறைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. மீண்டும் கண்டார்கள் என்ற செய்தி வரும்போது நாம் மகிழ்கிறோம். ஒற்றை மரத்தின் விதையிலிருந்து எழும் கன்றுகள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதையும், அவற்றுக்குள் புதிய மரபு வேறுபாடு இனி எங்கிருந்தும் வராது என்பதையும் தாவரவியலாளர் கூடவே நினைத்துக்கொள்வார்.

உங்களைப் போன்ற தோட்ட ஆர்வலர்களுக்கு நேரே தொடர்புடைய செடி ஒன்று இருக்கிறது. அகத்தியர் மலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், புல்லும் பாறையும் கலந்த திறந்த சரிவுகளில் வளரும் பாபியோபெடிலம் துரூரியி என்ற ஆர்க்கிட். அதன் கீழ்இதழ் செருப்பின் முன்பகுதியைப் போலக் குழிந்திருக்கும். மஞ்சள் பூ, பக்க இதழ்களின் நடுவிலும் மேல் இதழின் நடுவிலும் கரும்பழுப்புக் கோடு ஒன்று மைதீட்டியதைப் போல ஓடும். இந்தியாவில் இந்தப் பேரினத்தின் மற்ற இனங்கள் எல்லாம் வடகிழக்கில் இருக்க, இது ஒன்று மட்டும் தெற்கே தனியாக நிற்கிறது. திருவாங்கூர் மலைகளில் 1865இல் இதைச் சேகரித்த கர்னல் ஹீபர் துரூரியின் பெயர் இதற்கு வந்தது. அந்த அழகுதான் இதன் எமன். சேகரிப்பவர்கள் கூடை கூடையாக எடுத்துப்போனார்கள். எஞ்சியவற்றைக் காட்டுத்தீ எரித்தது.

ஆர்க்கிட்டின் விதை தூசியைப் போன்றது. நெல்லிலோ உளுந்திலோ முளைக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கும். ஆர்க்கிட் விதையில் அது கிடையாது. மண்ணில் உள்ள குறிப்பிட்ட பூஞ்சை அந்த விதைக்குள் புகுந்து உணவூட்டினால்தான் முளை எழும். காட்டிலிருந்து பெயர்த்து எடுத்துவந்த செடி உங்கள் மாடியில் சில ஆண்டுகள் பூக்கலாம். அதன் விதை அங்கே முளைக்காது, அதைத் தேடி வரும் பூச்சியும் அங்கே இல்லை. பாலோட்டில் உள்ள ஜவாகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆர்க்கிட்டைச் சோதனைக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி, மலைக்கே கொண்டுபோய் நட்டுப் பார்த்திருக்கிறது. பெருக்குவது பாதி வேலை, நட்ட இடத்தில் தீ வராமல் பார்த்துக்கொள்வதும் யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்வதும் மறுபாதி. இந்தப் பேரினம் முழுவதும், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (CITES) முதல் இணைப்பில் இருக்கிறது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் தாவரங்களுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தபோது பட்டியலிட்ட ஆறு பதிவுகளில் இதுவும் ஒன்று. எனவே இணையத்தில் யாராவது இதன் செடியை விற்பதாகச் சொன்னால், அது சட்டத்துக்குப் புறம்பானது என்றோ வேறு இனத்தைப் பெயர் மாற்றி விற்பது என்றோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைமக்களின் அறிவுக்கும் இந்தச் செடிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1987இல் அகத்தியர் மலைக்குச் சென்ற ஆய்வுக்குழுவுக்கு வழிகாட்டிய காணிகள், நடக்கும்போது ஒரு சிறு செடியின் காயைக் கடித்துக்கொண்டு களைப்பில்லாமல் ஏறினார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியபச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாக்கப்பட்டு, 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகெங்கும் இதைப் பாராட்டினார்கள். செடியின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. தேவை திடீரென்று பெருகியது. காட்டுக்குள் பயிரிடுவதற்கு வனத்துறை தடைசொன்னது. வெளியாட்கள் வேரோடு பிடுங்கிச் சென்றார்கள். பணத்தைப் பங்கிடத் திட்டமிட்ட அளவுக்கு, செடி எங்கிருந்து வரப்போகிறது என்பதைத் திட்டமிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கன்றுகள் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். சதுப்பு மரங்களையும் அகத்தியர் மலை ஆர்க்கிட்டையும் அமிர்தபாலாவையும் தேடாதீர்கள். அவற்றை வளர்க்க வேண்டிய இடங்கள் பாலோட்டு ஆராய்ச்சி நிறுவனம், வயநாட்டில் உள்ள குருகுலத் தாவரச் சரணாலயம், கல்பெற்றாவில் சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மையம் போன்றவை. எந்தச் செடி எந்த மலையிலிருந்து வந்தது என்று எழுதிவைத்து வளர்ப்பவர்கள் அவர்கள். அந்தக் குறிப்பு இல்லாத செடி, எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், மீண்டும் காட்டில் நடுவதற்குப் பயன்படாது. உங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருந்து, அங்கே காவோ கோயில்காடோ எஞ்சியிருந்தால், அதன் எல்லை குறையாமலும் அதற்கு வரும் ஓடை திரும்பாமலும் பார்த்துக்கொள்வது நூறு தொட்டிகளைவிடப் பெரிய வேலை.

நாட்டுமருந்துக் கடையில் மரமஞ்சளோ மதனகாமப்பூவோ வாங்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தலாம். மரமஞ்சள் சேர்ந்த மருந்து தேவையென்றால், வேறு எது ஈடாகும் என்று சித்த மருத்துவரிடமே கேளுங்கள். மலைக்குப் போகும்போது அரிய ஆர்க்கிட் கண்ணில் பட்டால் படம் எடுங்கள்; எடுத்த இடத்தின் பெயரையும் வரைபடக் குறியையும் பொதுவெளியில் போடாதீர்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மண்டல மையத்துக்குப் படத்தோடு எழுதினால், பழைய உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வழி உண்டு.

வீட்டில் நீங்கள் வளர்க்கத்தக்கது ஒன்று இருக்கிறது என்றால் அது மாகாளிதான். அதற்குச் சதுப்பும் வேண்டாம், பனிமூட்டமும் வேண்டாம்; பாறைமண்ணும் வெயிலும் ஏறுவதற்கு ஒரு வேலியும் போதும். காட்டு வேரை விலைக்கு வாங்கி நடாமல், விதையிலிருந்தோ நாற்றங்காலில் எழுப்பிய கன்றிலிருந்தோ தொடங்குங்கள். வேர் பருக்கச் சில ஆண்டுகள் ஆகும். தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்களை மட்டும் எடுத்து மண்ணை மூடிவிட்டால் கொடி பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பக்கத்து வீட்டுக்காரர் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளித்தால், ஊறுகாயாகச் செய்து ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள்.